தயக்கமும் அறியாமையும்

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை ஏற்கப் பாலியல் தொழிலாளப் பெண்கள் தயங்கினால், அதனை அறியாமை என்று எழுதிவிடுவோர் உளர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. 2004இல் கம்போடியாவில் டெனோபோவிர் மருந்தை இப்பெண்களிடம் சோதிக்க முனைந்தபோது, அவர்தம் சங்கம் கேட்டது யாது? பக்கவிளைவுகள் நேரின் 30 ஆண்டு மருத்துவக் காப்புறுதி. அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை, எதிர்ப்பு வலுத்தது, ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் சோதனையை நிறுத்தினார். பின்னைய ஆய்வுகள் மருந்தின் பயனை நிறுவின. 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் டெனோபோவிர் கலந்த மாத்திரையைப் பரவலாகப் பரிந்துரைத்தது. எனினும், மருந்து பயன் தருவதால் அப்பெண்களின் கேள்வி பிழையாகிவிடாது. ஆலைத் தொழிலாளி நட்டஈடு கேட்பதை உரிமை என்கிறோம்; இவர்கள் கேட்பது மட்டும் அறியாமையா? மாத்திரையை நீட்டுவோர் முதலில் இக்கேள்விக்கு விடையளிக்கட்டும்.