அற்புதமும் பயிற்சியும்: திருச்சி விமானச் செய்தி பற்றிய ஒரு நோக்கு

2024 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 11 ஆம் திகதி மாலை திருச்சிராப்பள்ளியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானமொன்று, அதன் ஹைட்ரோலிக் தொகுதியில் ஏற்பட்ட பழுது காரணமாக, இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக அந்நகரின் அயலில் வட்டமிட்டது. பின்னர் இரவு எட்டேகால் மணியளவில் புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது. 141 பயணிகளுள் எவருக்கும் தீங்கு நேரவில்லை. நடந்தது இவ்வளவே. ஆனால் அன்றிரவு தமிழ்த் தொலைக்காட்சிகளில் நடந்தது இதனின்றும் வேறானதொரு கதை. அக்கதை எவ்வாறு புனையப்பட்டது, எதனை மறைத்தது என்பன நோக்கற்பாலன.

முதற்கண் விமானத்தில் நேர்ந்ததை விளங்கிக்கொள்ளல் வேண்டும். போயிங் 737 வகை விமானத்தின் சக்கரங்களையும் தடுப்புக்களையும் இறக்கையின் அசையும் உறுப்புக்களையும் இயக்குவது அமுக்கத்துக்குட்பட்ட ஒருவகை எண்ணெயாகும். அதனைக் கொண்டுசெல்லும் தொகுதிகள் இரண்டு. ஒன்று கைவிட்டால் மற்றையது தாங்கும். இவ்விரண்டுக்கும் மேலாகத் துணைத் தொகுதியொன்றும் உண்டு. ஆகவே ஒன்றின் பழுது என்பது உடனடி வீழ்ச்சி அன்று. இடர் தரையைத் தொட்ட பின்னரே தொடங்குகிறது. பாரமான விமானத்தை ஓடுபாதைக்குள் நிறுத்தியாகவேண்டும். நெடுந்தூரப் பயணத்துக்கெனப் புறப்பட்ட விமானத்தின் தொட்டி நிறைய எரிபொருள் இருக்கும். இறங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட நிறையோ புறப்படுவதற்கு அனுமதிக்கப்பட்டதிலும் குறைந்தது. பெரிய விமானங்கள் சில எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வல்லன. 737க்கு அந்த வசதி இல்லை, எரித்துத்தான் குறைக்கவேண்டும். திருச்சியின் ஓடுபாதை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் நீளமே உடையது. அந்த வட்டங்களின் பொருள் இதுதான்.

கப்டன் இக்ரோம் ரிஃபாட்லி ஃபாமி ஜைனலும் துணை விமானி மைத்ரேயி ஷிதோலேயும் அன்று வெளிப்படுத்திய ஆற்றலின் பெரும்பகுதி, எனவே, காத்திருக்கும் ஆற்றலாகும். இத்தகைய வேளைகளில் விமானிகள் சரிபார்ப்புப் பட்டியலை ஒருவர் வாசிக்க மற்றவர் செய்வர், நிறையைக் கணிப்பர், தரையுடன் பேசுவர், மீண்டும் கணிப்பர். உடனே இறங்கிவிடவேண்டும் என்று உடலெல்லாம் துடிக்கும் நேரத்தில் இறங்காமலிருப்பது அரிய திறன். ஆனால் அது கண்ணுக்குப் புலப்படுவதன்று.

தொலைக்காட்சிக்குக் காத்திருத்தலைக் காட்டத் தெரியாது. படம்பிடிப்பதற்கு எதுவும் நிகழாத இரண்டு மணித்தியாலத்தை அது எதனாலேனும் நிரப்பியாகவேண்டும். விமானத்தின் பாதையைக் காட்டும் வரைபடம் திரையில் மீள மீளச் சுழன்றது. தீயணைப்பு வண்டிகளும் அம்புலன்சுகளும் வரிசையில் நின்றன. விமானம் சக்கரமின்றி வயிற்றினால் இறங்கக்கூடும் என்ற செய்தியும் பரவிற்று. பின்னர் அதிகாரிகள் தெரிவித்தபடி சக்கரங்கள் வழமைபோலவே இயங்கின. விமானமும் வழமைபோலவே இறங்கியது. இன்னொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. விமான நிலையம் மாலை ஆறு மணியளவிலேயே முழு அவசர நிலையைப் பிரகடனஞ் செய்திருந்தது. விமானிகள் அவசர நிலை எதனையும் அறிவிக்கவில்லை என்று நிறுவனம் பின்னர் விளக்கிற்று. இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. தரையில் நின்றோர் மிகக் கெட்டதற்கு ஆயத்தமாயினர். வானில் இருந்தோர் தம் நிலையை அளந்து வைத்திருந்தனர். இரண்டும் முறையான நடவடிக்கைகளே. இந்த இடைவெளியை விளக்கியிருந்தால் பார்வையாளர் எவ்வளவோ கற்றிருப்பர். மாறாக அந்த இடைவெளியே பீதிக்கு எரிபொருளாயிற்று.

பீதி உச்சத்தை அடைந்தபின் கதைக்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது. அதனை வழங்க இரண்டு பாத்திரங்கள் எப்போதும் ஆயத்தமாக உள்ளன: ஒன்று கடவுள், மற்றையது கடவுளைப் போன்ற விமானி. 'அற்புதம்' என்ற சொல்லும் 'தெய்வமாக வந்தார்' என்ற தொடரும் அடுத்தடுத்து வருவது தற்செயல் அன்று. இரண்டும் ஒரே பணியைச் செய்கின்றன. எவ்வாறு நடந்தது என்ற வினாவை இரண்டுமே தேவையற்றதாக்கி விடுகின்றன.

இவ்விடத்து விரைந்து ஒரு முடிவுக்கு வருவது எளிது: பழி மக்களின் நம்பிக்கையையே சாரும், பகுத்தறிவு வளர்ந்தால் இத்தகைய செய்திகள் மறையும் என்று கூறிவிடலாம். அது மேலோட்டமான முடிவு. மல்லாவி போன்றதொரு வன்னிக் கிராமத்திலிருந்து நோக்குவார்க்கு அதன் போதாமை உடனே புலனாகும். 1996க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் பெருந்தொகையாகத் தங்கிய ஊர் அது. அங்கு விமானம் என்பது பயணத்துக்குரிய பொருளாக இருக்கவில்லை. கிபிரின் இரைச்சலையும் வேவு விமானமாகிய 'வண்டின்' ரீங்காரத்தையும் சிறுவரும் பிரித்தறிந்தனர். அம்மக்கள் நேர்த்தி வைத்தனர். வற்றாப்பளை அம்மனை நினைந்து அழுதனர். அதே கைகளாற் பதுங்குகுழியும் வெட்டினர். குழியை எவ்வளவு ஆழமாக வெட்டுவது, வாயிலை எவ்வாறு திருப்பி வைப்பது, பனங்குற்றியின் மேல் எத்தனை மண்மூட்டை அடுக்குவது என்பன கோயில் வாசலிற் கற்ற பாடங்கள் அல்ல. அம்மன் காப்பாள் என்பதற்காகக் குழி வெட்டாமல் விட்டவர் அரியர். குழி இருக்கிறதென்பதற்காக வேண்டுதலைக் கைவிட்டவரும் அரியரே. நம்பிக்கை அச்சத்தைத் தாங்க உதவிற்று. கைத்திறன் குண்டுச் சிதறலைத் தடுத்தது. எது எதற்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

குழப்பம் ஊடகத்தினுடையது. பயணியின் தாய் கைகூப்புவது அவளுடைய உரிமை. அக்கைகூப்பலைப் பெருப்பித்துக் காட்டி, அதனையே விளக்கமாக விற்பது வேறு தொழில்.

இந்நோய் தமிழ் ஊடகத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டியதில்லை. 2009 ஜனவரி 15 இல் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில் இருந்த 155 பேரும் உயிர் தப்பியபோது, 'ஹட்சன் அற்புதம்' என்ற பெயர் உடனேயே நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு வெளியான விசாரணை அறிக்கையோ அற்புதம் பேசவில்லை. கப்டன் சலன்பேர்கரும் துணை விமானி ஸ்கைல்சும் கூட்டாகச் செயற்பட்ட முறை, அந்தப் பாதைக்குக் கட்டாயமாக இல்லாதிருந்தும் அவ்விமானத்தில் மிதவைச் சாதனங்கள் இருந்தமை, அருகிலிருந்த படகுகள் விரைந்து வந்தமை ஆகியவற்றையே அது எடுத்துரைத்தது. 2016 இல் கிளின்ற் ஈஸ்ற்வூட் நெறிப்படுத்திய 'சலி' திரைப்படம் இவ்விசாரணையாளரையே வில்லர்களாக்கிற்று. விமான நிலையத்துக்குத் திரும்பியிருக்கலாம் என்று கப்டனைக் குற்றக்கூண்டில் நிறுத்துவோராக அவர்கள் வருகின்றனர். உண்மையில், முடிவெடுப்பதற்குச் செலவாகும் நேரமாக 35 வினாடியைச் சேர்த்துப் பரிசோதித்து, திரும்புவது இயலாதென்று காட்டியவர்கள் அதே விசாரணையாளரே. ரொம் ஹாங்சின் நடிப்புச் சிறந்ததுதான்; ஆனால் அந்த நடிப்பு எழுந்து நிற்பதற்கு ஓர் எதிரி வேண்டியிருந்தது.

இந்தித் திரைப்படமான 'றன்வே 34' (2022) இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 2015 ஓகஸ்ற் மாதத்தில் டோகாவிலிருந்து கொச்சி நோக்கி வந்த ஜெற் எயர்வேஸ் விமானமொன்று, மோசமான பார்வைத் தெளிவின் காரணமாக இரு நகரங்களிலும் பலமுறை முயன்று, எரிபொருள் தீரும் தறுவாயில் திருவனந்தபுரத்தில் இறங்கிய நிகழ்ச்சியே அதற்குத் தூண்டுதல். மாற்று நிலையமாகக் குறிக்கப்பட்டிருந்த பெங்களூருக்கு உரிய நேரத்திற் செல்லாமை ஏன் என்பதே மெய்யான வினா. திரையில் அவ்வினா எழுப்பப்படுகிறது. அஜய் தேவ்கனின் தோரணை அதனை விழுங்கியும் விடுகிறது. தப்பியமையே தீர்ப்பாகிவிட, தப்பவேண்டிய நிலை எவ்வாறு உருவாயிற்று என்பது மறக்கப்படுகிறது.

இதனாற் கேடென்ன என்று கேட்கலாம். கோழிக்கோடு விடை தருகிறது. 2020 ஓகஸ்ற் 7 ஆம் திகதி, கொட்டும் மழையில், அதே எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் 737 விமானமொன்று மேட்டுநில ஓடுபாதையின் முனையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். ஓரிரு நாட்களுக்குள்ளாகவே ஒரு கதை பரவிற்று. சக்கரம் இயங்கவில்லையென்றும், எரிபொருளைத் தீர்ப்பதற்காக மும்முறை வட்டமிட்டுத் தம் உயிரை ஈந்து பயணிகளைக் காத்தாரென்றும் கப்டன் போற்றப்பட்டார். 2021 இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது வேறு. விமானம் பின்காற்றுடன் ஓடுபாதையின் நடுப்பகுதி வரை சென்றே தரையைத் தொட்டது. மீண்டும் மேலெழுமாறு துணை விமானி கூறியும் அது செய்யப்படவில்லை. நிறுவனத்தின் முறைமைகளிலும் குறைகள் இருந்தன. இறந்தவரை இழிவுபடுத்துவது அவ்வறிக்கையின் நோக்கமன்று. மீண்டும் மேலெழுமாறு ஒருவர் சொன்னால் மற்றவர் கேட்பதற்குரிய நிலைமையை உண்டாக்குவதே அதன் நோக்கம். ஆனால் தெய்வமாக்கப்பட்டவரிடம் பிழை காண்பது தெய்வநிந்தனை ஆகிவிடுகிறது. துணை விமானியின் அந்தச் சொல் வீரக்கதையில் இடம்பெறவே இல்லை.

பின்னாளிற் பரவிய இப்பொய்க்கதையில் வரும் வட்டங்கள் 2024 இல் திருச்சி வானில் மெய்யாகவே நிகழ்ந்தமை விநோதமானது. அப்போதும் அவை ஏன் என்பதை விளக்க எவரும் அதிகம் மினக்கெடவில்லை.

திருச்சி விமானம் இறங்கிய இரவிலேயே பழுதின் காரணத்தை ஆராயுமாறு அதிகாரிகள் பணிக்கப்பட்டனர். தொகுதி ஏன் கைவிட்டது, புறப்படுமுன் அதனை யார் பரிசோதித்தார், அந்தப் பொறியியலாளருக்கு எவ்வளவு நேரம் வழங்கப்பட்டது என்பன அன்றிரவு நேரலையில் இருந்தவர்களுக்குச் சுவையற்ற வினாக்கள். 2025 மார்ச் மாத இறுதியில் திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே பயணிகள் சேவை தொடங்கிற்று. வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் கலியாணத்துக்குமென வன்னியிலிருந்து செல்வோரும் இப்போது அதே ஓடுபாதையில்தான் இறங்குகின்றனர்.