பார்த்தலும் பார்த்துக்கொள்ளுதலும்: 'தி டார்க் ரூம்' புதினத்தில் வீட்டுப் பொறுப்பு

ஆர்.கே. நாராயணின் 'தி டார்க் ரூம்' 1938ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ஆங்கிலப் புதினம். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர் ஒருவர் எழுதியது. கதை நிகழும் மால்குடி கற்பனை ஊர்; அதனை மைசூரென்றோ, மைசூரின் அக்ரஹாரம் பகுதியென்றோ கொள்வதற்கில்லை. எனினும் நாராயண் பல ஆண்டுகள் வசித்த லட்சுமிபுரத்திலிருந்து அக்ரஹாரத்திற்கு நடந்தே செல்லலாம். அங்குள்ள பழைய வீடுகள் சிலவற்றில் சமையலறையை ஒட்டி, சன்னலற்ற சாமான் அறையொன்றை இன்றும் காணலாம். புதினத்தின் தலைப்பாக அமைந்த இருட்டறை அத்தகையதே. நவராத்திரிக் கொலுவுக்கு மின்விளக்குப் போட முயன்று வீட்டையே இருளாக்கிய மகன் பாபுவைக் கணவன் ரமணி அடித்தபோது, சாவித்திரி உண்ணாமல் சென்று படுத்துக்கொள்வது அவ்வறையில்தான்.

சாவித்திரி ஏன் வீடு திரும்பினாள் என்பதே இப்புதினம் குறித்த திறனாய்வுகளில் பெரிதும் எழுப்பப்படும் வினா. ரமணி தன் காப்பீட்டு நிறுவன அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த சாந்தா பாயுடன் கொண்ட தொடர்பு தெரிந்ததும், அவள் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரவில் வெளியேறுகிறாள். சரயு ஆற்றில் இறங்கியவளை, பகலில் பூட்டும் குடையும் பழுதுபார்த்து இரவில் திருடும் மாரி காப்பாற்றுகிறான். அவன் மனைவி பொன்னி அவளைத் தன் சிற்றூருக்கு அழைத்துச் செல்கிறாள். பிறர் சோற்றை உண்ணமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, கோயிலொன்றில் பெருக்கித் துடைக்கும் வேலையைச் சாவித்திரி பெறுகிறாள். ஆனால் சில நாள்களுக்குள் வீடு திரும்பிவிடுகிறாள். தாய்ப்பாசம் என்பர் ஒரு சாரார். மரபின் பிடி என்பர் வேறொரு சாரார். கல்வியும் சொத்தும் இன்மையே காரணம் என்பது பெண்ணியத் திறனாய்வாளர் கூற்று. இவை மூன்றும் பொருந்துவனவே. எனினும், வீட்டிலிருந்தவள் வெளிவேலைக்குச் சென்றபின் அவள் விட்டுச்சென்ற வேலை யாரிடம் சென்றது என்ற எளிய வினாவை இவற்றுள் எதுவும் கேட்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எழுப்பிப் பார்க்கிறது.

முதற்கண் அவள் விட்டுச்சென்றது எது? ரமணியின் வீட்டில் சமையற்காரர் உண்டு. ரங்கா என்னும் வேலையாள் உண்டு. சாவித்திரி சென்ற பின்னும் அடுப்பு எரிகிறது, வீடு பெருக்கப்படுகிறது. கையால் செய்யும் வேலையில் பெரும்பகுதி அவளுடையதன்று. புதினத்தின் தொடக்கக் காட்சியை நோக்குக. பாபுவுக்கு உடல்நலம் சரியில்லை என்று கண்டு, பள்ளிக்குப் போகவேண்டாம் என்கிறாள் தாய். தந்தை வந்து, போய்த்தான் ஆகவேண்டும் என்கிறான், மகன் போகிறான். அடுத்து உணவு வேளையில், இந்தக் காய் ஏன், அந்தக் காய் ஏன் இல்லை என்ற விசாரணை. இவ்விரு காட்சிகளிலும் சாவித்திரி எதையும் 'செய்ய'வில்லை. கவனிக்கிறாள், முன்கூட்டி எண்ணுகிறாள், பிழை நேர்ந்தால் விடை சொல்கிறாள். பொறுப்பு அவளிடமும் தீர்ப்பு அவனிடமும் இருக்கின்றன. நாராயண் இதனை விளக்காமல் நகைச்சுவை கலந்த காட்சியாகவே விட்டிருப்பது அவர் கலையின் சிறப்பு.

இவ்வேலைக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டா என்று தேடினால் வினைச்சொற்களின் வழியாகவே விடை கிடைக்கிறது. 'வேலை' என்னும் சொல்லோடு செய், பார், போ, விடு ஆகிய வினைகள் சேர்கின்றன. 'வேலைக்குப் போகிறாள்' என்றால் ஊதியமுள்ள பணி. 'வேலையை விட்டுவிட்டாள்' என்றால் அப்பணியிலிருந்து விலகி வீட்டிலிருக்கிறாள் என்பது பொருள்; வீட்டு வேலையை விட்டுவிட்டாள் என்று குடும்பப் பெண்ணொருத்தியைப் பற்றி எவரும் சொல்வதில்லை. 'வீட்டு வேலைக்குப் போகிறாள்' என்றாலோ, பிறர் வீட்டில் கூலிக்குப் பாத்திரம் துலக்குகிறாள் என்றே பொருள்படுகிறது. அதே பாத்திரத்தைத் தன் வீட்டில் துலக்குபவள் 'வீட்டில் சும்மா இருக்கிறாள்'. கன்னடத்திலும் 'சும்மனெ' என்னும் இனச்சொல் இவ்விடத்தில் இவ்வாறே வழங்குகிறது. இது பலரும் சுட்டிய செய்தியாதலால் விரிக்க வேண்டியதில்லை.

அத்துணைக் கவனம் பெறாதது 'பார்' என்னும் வினை. 'வங்கியில் வேலை பார்க்கிறாள்' என்பதிலும் 'வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்' என்பதிலும் வினையடி ஒன்றே. வேறுபாடு 'கொள்' என்னும் துணைவினையால் வருகிறது. வேலை பார்ப்பதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மாலை ஐந்து மணிக்குப் பார்த்து முடித்துவிடலாம். பார்த்துக்கொள்ளுதலுக்கு முடிவு நேரமில்லை. அதனைச் செய்பவர் தூங்கும்போதும் அப்பொறுப்பு அவர் மீதே இருக்கிறது. கன்னடத்தின் 'நோடிகொள்', தெலுங்கின் 'சூசுகொன்' ஆகியவையும் பார்த்தற்பொருள் வினையோடு இதே துணைவினையைச் சேர்த்து இதே பொருளைத் தருகின்றன. 'கொள்' வந்தால் ஊதியமில்லை என்று விதி வகுத்துவிடவும் இயலாது. தந்தையின் கடையை மகன் 'பார்த்துக்கொள்கிறான்' என்றும் சொல்கிறோம். தனதென்று ஏற்று, அதற்கு விடை சொல்லும் நிலையில் இருத்தலே இதன் உட்கிடை எனலாம். ஆயின் கடையைப் பார்த்துக்கொள்பவனுக்குக் கல்லாப்பெட்டியின் சாவியும் கிடைக்கிறது.

இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டு நோக்கினால் புதினத்தின் நடுப்பகுதி புதிதாகப் பொருள்படுகிறது. கோயிலில் சாவித்திரிக்குக் கிடைத்தது பார்க்கும் வேலை. பெருக்கினால் அரிசியும் சிறிது காசும் கூலி. அதனை அவள் செய்துவிடுகிறாள். அவளால் செய்ய இயலாதது பார்த்துக்கொள்ளுதலைக் கைமாற்றுவது. இரவில், கோயிலை அடுத்த குடிசையில் அச்சத்தோடு படுத்திருப்பவளின் எண்ணம் குழந்தைகளைச் சுற்றுகிறது. பெண்கள் கமலாவுக்கும் சுமதிக்கும் தலை வாரிவிட்டிருப்பார்களா என்பது போன்ற மிகச் சிறிய செய்திகளைச் சுற்றுகிறது. இதைத் தாய்ப்பாசம் என்ற ஒரு சொல்லால் கடந்துவிடுவது பொருந்தாது. தலை வாரும் வேலையைச் செய்ய அவ்வீட்டில் கைகள் இருக்கின்றன. வாரவேண்டும் என்று நினைவு வைத்திருப்பவரே இல்லை. அது அவளுக்குத் தெரியும். அவளது திரும்புதலை நெஞ்சுரமின்மை என்று மதிப்பிடுவோர் இந்தத் தெரிதலைக் கணக்கில் கொள்வதில்லை.

புதினத்தின் குறையும் இவ்விடத்திலேயே தென்படுகிறது. சாவித்திரி இல்லாத வீட்டை நாராயண் மிகச் சுருக்கமாகவே காட்டுகிறார். ரமணி ஒரு காலைப்பொழுதில் குழந்தைகளின் சட்டையையும் பாடநூலையும் தேடி அலைவதை, அன்றைய காய் என்னவென்று சமையற்காரர் கேட்க விடை தெரியாமல் நிற்பதை அவர் எழுதியிருந்தால், அவரைவிடச் சுவையாக எழுத வல்லவர் எவருமில்லை. அவ்வாறு எழுதியிருந்தால் திரும்பி வருபவளை ரமணி ஒன்றும் நடவாததுபோல் ஏற்றுக்கொள்வது இயலாததாகியிருக்கும். ஆசிரியர் தமது 'மை டேஸ்' தன்வரலாற்றில் (1974) பெண்ணுரிமை இயக்கத்துக்கு முன்னோடியான படைப்பாக இதனைக் குறிப்பிடுகிறார். பெண்ணின் துன்பத்தைப் பொறுத்தவரை அது சரி. அவள் உழைப்பைப் பொறுத்தவரை அரைக்கணக்கே காட்டப்பட்டிருக்கிறது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சாந்தா பாய் மங்களூரிலிருந்து வந்த, படித்த, கணவனைப் பிரிந்த பெண். அவளுக்கு வேலை உண்டு, பார்த்துக்கொள்ள வீடில்லை. தங்குவதே அலுவலகக் கட்டடத்தின் அறையொன்றில். அதற்கென ரமணி தன் வீட்டிலிருந்து சாமான்களைப் பெயர்த்துச் செல்கிறான். சாவித்திரிக்கு வீடு உண்டு, வேலை இல்லை. இரண்டும் உடைய பெண் இப்புதினத்தில் எங்கும் இல்லை. மைசூரில் மகாராணி பெண்கள் பள்ளி தொடங்கி அரை நூற்றாண்டு கடந்த காலம் அது; பள்ளிக்குச் சென்று கற்பித்துவிட்டு வந்து சமைத்த பெண்களை நாராயண் பார்த்தே இருப்பார். தான் படித்திருந்தால் ஆசிரியையாகியிருக்கலாம் என்று சாவித்திரியே எண்ணுகிறாள். அவ்வாறு ஆகியிருந்தால் பாபுவின் காய்ச்சலை யார் கண்டிருப்பார் என்ற வினாவுக்குள் கதை நுழையவில்லை.

நுழைந்த படைப்புகளும் வெவ்வேறு வகையில் நழுவியிருக்கின்றன. சத்யஜித் ராயின் 'மகாநகர்' (1963) படத்தில் ஆரதி பின்னல் இயந்திரம் விற்கும் வேலைக்குப் போகும்போது வீடு மாமியார் கைக்குச் செல்கிறது. ஒரு பெண்ணின் பொறுப்பு இன்னொரு பெண்ணுக்கு மாறியதேயன்றி வேறில்லை. சிறுவனின் வருத்தத்தைப் பொம்மை ஆற்றுகிறது. 'தும்ஹாரி சுலு' (2017) என்னும் இந்திப் படத்தைத் தழுவிய 'காற்றின் மொழி' (2018) இல்லத்தரசியொருத்தி வானொலியில் பணியேற்பதைச் சொல்வது. அதில் மகனுக்குப் பள்ளியில் நேரும் சிக்கல் தாய் வேலைக்குப் போனதன் மேல் ஏற்றப்படுகிறது. தந்தை அதே வீட்டில்தான் இருக்கிறார். அவர் வேலைக்குப் போவதை எவரும் காரணமாகச் சொல்வதில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (1988) வேறொரு பக்கத்தைத் திறந்தது. சமையலறை பெண்ணைச் சிறைப்படுத்தும் இடம் மட்டுமன்று, அவள் ஆட்சி செலுத்தும் ஒரே இடமும் அதுவே என்று அக்கதை காட்டிவிட்டது. ஆகவே பார்த்துக்கொள்ளுதலைக் கைவிடுவது, வாங்கிக்கொள்பவர் ஒருவர் கிடைத்தாலுங்கூட, கைவிடுபவளுக்கு எளிதன்று.

ஈண்டு இக்கட்டுரையாளர் தம் வீட்டுச் செய்தியொன்றைக் கூறுவது ஆய்வு மரபுக்கு முற்றும் உடன்பாடன்று. எனினும் மேற்கண்ட வேறுபாடு அங்கிருந்துதான் விளங்கியது. குழந்தைகளுக்காகப் பணியை விட்டிருந்த என் மனைவி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் முழுநேர ஆசிரியப் பணிக்குத் திரும்பியபோது, வேலைகளைப் பிரித்துக்கொள்ள ஒரு தாள் எழுதினோம். காலைக் காப்பி, காய் நறுக்குதல், துணி காயவைத்தல் எல்லாம் என் பெயரில் வந்தன. நான் தவறாமல் செய்தேன். செய்ததாக நண்பர்களிடம் சொல்லவும் செய்தேன். மூன்றாம் வாரத்தில் வீட்டில் துவரம்பருப்பு இல்லை. மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் நாள் கடந்துவிட்டது. நான் இயல்பாக, "நீ சொல்லவே இல்லையே" என்றேன். "சொல்வதுதான் வேலை, அதைத் தாளில் எழுதவில்லை" என்றார் அவர். 'ஒத்தாசை', 'கூடமாட உதவி' என்று ஆண்களின் வீட்டுவேலைக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் அன்று எனக்குக் கூசின. உதவி என்றாலே வேலை இன்னொருவருடையது என்பது உடன்பாடாகிவிடுகிறது. பருப்பு டப்பாவைத் திறந்து பார்க்கும் பழக்கம் வர எனக்கு ஓராண்டு ஆயிற்று.

அரசின் கணக்குகளும் இதே இடத்தில் தடுமாறுகின்றன. 2024ஆம் ஆண்டுக்கான இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். பயனுள்ள கணக்கே, ஆனால் அது பார்த்தலை அளக்கிறது. பார்த்துக்கொள்ளுதலுக்கு நிமிடமில்லை. கர்நாடகத்தின் கிருகலட்சுமித் திட்டம் 2023 ஆகஸ்டு 30 அன்று மைசூரில் தொடங்கப்பெற்றபோது, மாதம் 2000 ரூபாய் பெறுபவளை 'யஜமானி' என்று குறித்தது. அடுத்த மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய 1000 ரூபாய்த் திட்டம் 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் பெற்றது. பெறுபவள் 'குடும்பத் தலைவி'. இரு பெயர்களுள் 'உரிமை' என்பதே சிறந்தது என்பது என் கருத்து. யஜமானி, தலைவி என்னும் சொற்கள் இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டுகின்றன. சாவித்திரியும் அவ்வீட்டின் யஜமானியே.

புதினத்தின் இறுதிக் காட்சியை இப்பின்னணியில் மீண்டும் படிக்க வேண்டும். வீடு திரும்பிய சாவித்திரி, தெருவில் மாரி பூட்டுப் பழுதுபார்க்கக் கூவிச் செல்வதைக் கேட்கிறாள். உயிரைக் காத்தவனை அழைத்து உணவு கொடுக்க விரும்புகிறாள். அழைக்கச் சொல்லி, பின் வேண்டாமென்று விட்டுவிடுகிறாள். கொடுப்பதற்குத் தன்னுடையதென்று அவ்வீட்டில் எதுவுமில்லை என்பது அவள் எண்ணம். இதனை அச்சம் அல்லது நாணம் என்று உரை காண்போர் உளர். அன்றைய சமையலுக்கு அளந்து கொடுத்த அரிசி எவ்வளவு, யார் இன்னும் உண்ணவில்லை, இரவுக்கு எது மிஞ்சும் என்பனவெல்லாம் அவ்வீட்டில் அவளொருத்திக்கே தெரியும். அந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துக் கொடுக்கும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லை. மாரியின் குரல் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. அவள் சன்னலருகே இருக்கிறாள்.