கடிவாளம் யார் கையில்? – நடத்தையியல் கல்விக் கொள்கை குறித்து ஒரு திறனாய்வு

செஞ்சிக் கோட்டை என்றதும் தமிழ் மக்களின் நினைவுக்கு முதலில் வருபவன் தேசிங்கு ராஜன். அடுத்து வருவது அவனது குதிரை. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட அவ்விளைஞனைப் பற்றிய கதைப்பாடல், எவராலும் அடக்க இயலாத தில்லிக் குதிரையை அவன் அடக்கிய திறத்தைப் பெருமையுடன் பாடுகிறது. கோட்டையினுள் குதிரை லாயம் எனக் காட்டப்படும் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. விலங்கைப் பழக்கும் கலையை நம் முன்னோர் உயர்வாக மதித்தனர் என்பதற்கு இவை சான்று. ஆயின், மனிதக் குழந்தைக்குக் கல்வி புகட்டுவதும் அதே கலைதானா? ஏறத்தாழ 'ஆம்' என்றே இவ்வினாவிற்கு விடையளித்த ஒரு தத்துவம் கடந்த நூற்றாண்டின் கல்வியை ஆண்டது. அதுவே நடத்தையியல்.

மனம், எண்ணம், உணர்வு ஆகியவற்றைப் புறத்தே காணவோ அளக்கவோ இயலாது. எனவே அவை அறிவியலுக்கு உரியன அல்ல. புறத்தே தெரியும் நடத்தை ஒன்றே ஆராயத் தக்கது. 1913இல் அமெரிக்கரான வாட்சன் வெளியிட்ட அறைகூவலின் சாரம் இதுவே. அவருக்கு முன்னரே தார்ண்டைக், பூனைகளைக் கூண்டில் அடைத்து ஆராய்ந்து, இன்பமான விளைவைத் தரும் செயல் நிலைபெறும் என்ற விளைவு விதியை வகுத்திருந்தார். ரஷ்ய அறிஞர் பாவ்லவ் நாய்களைக் கொண்டும், பின்னர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டும் இவ்வழியை விரிவாக்கினர். தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்னும் இவர்களின் சொற்களைப் படிக்காமல் இன்று நம் நாட்டில் எவரும் ஆசிரியப் பயிற்சி முடிப்பதில்லை.

குறை கூறுமுன் இக்கொள்கையின் நிறையைக் கூறுவதே நீதி. 1953இல் ஸ்கின்னர் தம் மகளின் கணித வகுப்பைக் காணச் சென்றார். தாம் போட்ட கணக்குச் சரியா தவறா என்பது மாணவர்க்கு உடனே தெரியவில்லை; விரைந்து கற்பவரும் மெல்லக் கற்பவரும் ஒரே வேகத்தில் நடத்தப்பட்டனர். இவ்விரு குறைகளைக் களையவே அவர் கற்பிக்கும் பொறியை அமைத்தார். பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் விடையை உடனே உறுதி செய்து, அவரவர் வேகத்திற்கேற்பக் கொண்டு செல்லும் முறை அது. தண்டனை கற்றலைத் தராது, தப்பிக்கும் வழியையே கற்பிக்கும் என்பதும் அவரது உறுதியான கருத்து. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் உடல் தண்டனையைத் தடைசெய்த பின்னரும் பிரம்பை விட மனமில்லாதோர் நம்மிடையே உண்டு. அவர்கள் இவ்வொரு செய்தியையேனும் ஸ்கின்னரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இவ்வழி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து அவர் உருவாக்கியதே 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்று இங்கிலாந்து சென்றது. சரியாக விடை சொன்னவன் வகுப்பில் மேலிடத்திற்கு ஏறுவதும், தவறியவன் இறங்குவதும் அம்முறையின் உயிர்நாடி. ஸ்கின்னர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வகுப்பறை வலுவூட்டலின் களமாகிவிட்டது.

அம்மேலிடம் நம் காலத்தில் மதிப்பெண் என்றும் தரவரிசை என்றும் பெயர் மாறியது. மாநில அளவில் முதல் மூன்று இடம் பெற்றோரின் படங்கள் நாளேடுகளை நிறைத்தன. 2017இல் தமிழக அரசு தரவரிசை அறிவிப்பதைக் கைவிட்டது, வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்று இக்கொள்கையின் வேரைக் காட்டித் தருகிறது. பொதுத் தேர்வு இல்லை என்ற ஒரே காரணத்தால் பல தனியார் பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, 12ஆம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருவேற்றச் செய்தன. இதற்கு மருந்தாக 2017-18ஆம் கல்வியாண்டில் 11ஆம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு இருந்தால் பாடம் உண்டு. தேர்வு இல்லையேல் பாடம் இல்லை! வலுவூட்டியை வைப்பதா எடுப்பதா என்பதையே நாம் விவாதித்தோம். அப்பாடத்தை அறிய வேண்டும் என்ற விருப்பம் மாணவனிடம் ஏன் பிறக்கவில்லை என்ற வினா எழவே இல்லை. விருப்பம் என்பது நடத்தையியலின் அகராதியில் இல்லாத சொல்லன்றோ!

வெகுமதி விருப்பத்தைக் கொல்லவும் கூடும் என்பதை உளவியலாரே காட்டியுள்ளனர். 1973இல் லெப்பர் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையருள் ஒரு பிரிவினருக்குச் சான்றிதழ் தருவதாக முன்னரே கூறி வரையச் செய்தனர். பின்னர்ச் சான்றிதழ் ஏதுமின்றி விட்டபோது, அப்பிரிவினர் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தனர். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது.

மொழி கற்பித்தலில் இக்கொள்கையின் போதாமை இன்னும் தெளிவு. ஸ்கின்னர் 1957இல் மொழியையும் பழக்கமாகவே விளக்கி நூல் எழுதினார். 1959இல் சாம்ஸ்கி அதனைக் கடுமையாக மறுத்தார். அரபு இலக்கணம் பயிலும் மாணவனைப் பாருங்கள். 'நஸர' என்பதிலிருந்து நாஸிர், மன்ஸூர் பிறப்பதை அவனுக்குக் காட்டுகிறோம். பிறகு 'ஃபதஹ' என்று கூறினால், முன்னர் ஒருபோதும் கேட்டிராத ஃபாதிஹ், மஃப்தூஹ் ஆகியவற்றை அவனே ஆக்கித் தருகிறான். அச்சொற்களுக்காக எவரும் அவனுக்கு முன்பு பரிசளித்ததில்லை. அவன் பெற்றது ஒரு துலங்கலன்று, ஒரு வாய்பாடு. அது அவன் அகத்தே இருக்கிறது.

இங்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை நினைவுகூர்வது பொருத்தம். இஹ்யாவில் ஆன்மப் பயிற்சியைப் பேசும் பகுதிக்கு அவர் இட்ட பெயரில் 'ரியாளத்' என்ற சொல் உள்ளது. குதிரைக் குட்டியைப் பழக்குவதற்கும் அரபியர் வழங்கிய சொல் அது. குணம் மாறாது என்போரை மறுக்கும்போது, பறவையும் வேட்டை நாயும் குதிரையும் பழக்கத்தால் மாறுவதையே அவர் சான்றாகக் காட்டுகிறார். குழந்தை நற்செயல் புரிந்தால் பிறர் முன்னிலையில் பாராட்டிப் பரிசளிக்கவும், ஒருமுறை தவறினால் காணாதது போல் விடவும் அறிவுறுத்துகிறார். இதுவரை ஸ்கின்னரும் உடன் நடந்து வரக்கூடும்.

ஆனால் அதே பகுதியில் இமாமவர்கள் குணத்திற்குத் தரும் இலக்கணம் வேறு திசையில் செல்கிறது. செயல் வேறு, குணம் வேறு. உள்ளத்தில் வேரூன்றி, சிரமமின்றிச் செயலைப் பிறப்பிக்கும் நிலையே குணம். பொருளை வழங்குபவன் எல்லாம் கொடையாளி அல்லன், புகழுக்காகவும் வழங்கலாம். புறத்தே இரண்டும் ஒரே நடத்தை. அளவுகோலுக்கு வேறுபாடு தெரியாது. செயல்களை எண்ணத்தைக் கொண்டு மதிப்பிடும் மரபு, எண்ணத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிய கொள்கையோடு பிரியும் இடம் இதுவே. குதிரையின் கடிவாளம் என்றும் அடுத்தவன் கையில்தான். மனிதனைப் பழக்குவதன் நோக்கமோ, ஒருநாள் அக்கடிவாளத்தை அவன் கையிலேயே ஒப்படைப்பது.

இவ்வளவுகோலை நம் மத்ரஸாக்களுக்கும் வைக்க வேண்டும். குர்ஆன் மனனம் திரும்பத் திரும்ப ஓதுவதாலேயே கைகூடுகிறது. அதில் பழக்கத்தின் பங்கை மறுப்பார் இல்லை. ஆனால் பிரம்பாலும் பட்டமளிப்பு விழாவின் பொன்னாடையாலும் மட்டுமே உந்தப்பட்ட மாணவன், இரண்டும் நீங்கிய பின் ஓதலைத் தொடர்வானா? கடுமைக்கு ஆளாகும் சிறுவன் பொய்யும் வேடமும் கற்கிறான் என்று இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் எச்சரித்துள்ளார். வெகுமதிக்கு மட்டும் பழகியவன் நிலையும் அதனினும் பெரிதும் வேறன்று.

எனவே நடத்தையியலை முற்றாக விலக்கவும் வேண்டா; முடிந்த முடிவாகக் கொள்ளவும் வேண்டா. எழுத்தறிமுகம், உச்சரிப்பு, வாய்பாடு, மனனம் ஆகியவற்றில் சிறு படிகளும் உடனடித் திருத்தமும் பாராட்டும் ஆசிரியர்க்குச் சிறந்த கருவிகள். ஆனால் ஆண்டு ஏற ஏறப் பரிசு குறைய வேண்டும், வினா பெருக வேண்டும். மாணவன் எத்தனை மதிப்பெண் பெற்றான் என்பதோடு, எவரும் கேட்காதபோதும் தேர்வு இல்லாதபோதும் எந்த நூலைத் தானே திறந்தான் என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். இரண்டாவதை அறிய அட்டவணை உதவாது. மாணவனோடு அமர்ந்து பேசுவதொன்றே வழி.