அம்ரிதா ஷெர்கில்லும் அஜந்தாவும்

ஓர் ஓவியர் தாம் யாரிடம் கற்றார் என்பதை வெளிப்படையாகக் கூறிவிட்டால், உடனே அவரது சுயத்துவத்தைச் சந்தேகிக்கும் விமர்சகர்கள் எம்மிடையே இன்றும் உளர். அவர் உச்சரித்த பெயர் மேனாட்டுப் பெயராயின், மரபைக் கைவிட்டார் என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். இத்தகையோர் முன் அம்ரிதா ஷெர்கில் 1937இல் தீட்டிய ஓவியங்களை வைக்க விரும்புகிறோம். தாம் பெற்ற கடன்களைக் கடிதங்களிலும் கட்டுரைகளிலும் மறைக்காது எழுதியவர் இவர்.

அம்ரிதா 1913இல் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தவர். தந்தை சீக்கிய உயர்குடியினர்; தாய் ஹங்கேரியர். பாரிஸ் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, செசானையும் கோகானையும் உள்வாங்கிக்கொண்டு, 1934இன் இறுதியில் இந்தியா திரும்பினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் எழுதிய கடிதமொன்றில், ஐரோப்பாவின் நவீன கலையே இந்திய ஓவியத்தையும் சிற்பத்தையும் தமக்கு விளங்கவைத்தது என்று அவர் ஒப்புக்கொண்டார். அஜந்தாவுக்குப் பாரிஸ் ஊடாகவும் ஒரு வழி உண்டு என்பது மரபின் காவலர்களுக்குச் சீரணிக்கக் கடினமான செய்திதான்.

நாடு திரும்பியதும் சிம்லாவிலிருந்து அவர் தீட்டியவற்றிற் பல வறிய மக்களைப் பற்றியவை. 1935இல் வரைந்த 'மூன்று பெண்கள்' பலரும் அறிந்தது. பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கத்தை 1937இல் அவருக்குப் பெற்றுத்தந்தது. எனினும் அக்காலப் படங்களில் எமக்கு ஒரு குறை தெரிகிறது. தாழ்ந்த பார்வை, மெலிந்த கைகள், அசைவற்ற உடல்கள் என்று துயரம் ஒரு மூடுபனிபோற் கவிந்து நிற்கிறது. இம்மக்கள் செய்யும் தொழில் என்ன, இவர்களை இந்நிலைக்குக் கொண்டுவந்தது எது என்ற வினாக்களைப் படம் எழுப்புவதில்லை. வசதி படைத்த வீட்டின் யன்னலூடாகப் பார்த்த பரிவு அது. பரிவு உண்மையானதே, ஆயினும் யன்னல் யன்னல்தான்.

1936இன் இறுதியில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பம்பாய், அஜந்தா, எல்லோரா. அப்பால் கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி. இந்தியா திரும்பிய பின் பிறர் படைப்பிலிருந்து உண்மையாகவே ஏதேனும் கற்றது அஜந்தாவிலேதான் என்று எழுதினார். அவர் கற்றது எதனை? வங்காளப் பள்ளியினரும் அஜந்தாவைத் தலைமேற் கொண்டாடியவர்களே. ஆனால் அவர்களிற் பலர் அங்கிருந்து கொண்டுவந்தவை நீண்ட விழிகளும் நெளியும் விரல்களும் புராணக் கனவுகளுமே. அம்ரிதா கொண்டுவந்ததோ அமைப்பு. பல உடல்களை ஒரே தளத்தில் எவ்வாறு இணைப்பது, ஒன்றின் கருமையால் மற்றதன் வெண்மையை எவ்வாறு தாங்கி நிறுத்துவது என்ற, கொத்தனாரின் அறிவையொத்த அறிவு அது. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் அவர் ஊன்றிப் பார்த்தார்.

அப்பயணத்தின் விளைச்சலாக 1937இல் மூன்று படங்கள் வந்தன: 'மணமகள் அலங்காரம்', 'பிரமச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்'. இவற்றுள் எம்மை மிகவும் நிறுத்திவைப்பது 'பிரமச்சாரிகள்'. ஐந்து இளைஞர் அமர்ந்திருக்கின்றனர், வேறெதுவும் நிகழவில்லை. பின்னே செம்மண் நிறம், இடையில் வெள்ளை வேட்டி, கருமையிலிருந்து வெளிர்மை வரை வேறுபடும் வெற்று மேனிகள். எவருடைய இரக்கத்தையும் இவர்கள் யாசிக்கவில்லை. சிம்லாப் படங்களில் இல்லாத ஒரு பாரம் இவ்வுடல்களுக்கு வந்திருக்கிறது; சுவரிற் பதித்த கற்களைப்போல் தம்மிடத்தில் உறுதியாக இருக்கின்றன. சந்தைக்குச் செல்வோரிடத்தும் அதே கம்பீரம். ஆயினும் அவர்களது உழைப்பு இன்னும் படத்துக்கு வெளியேதான் நிற்கிறது.

அது உள்ளே வர 1940 ஆயிற்று. அப்போது அவர் கோரக்பூர்ப் பக்கத்துச் சராயாவில், சர்க்கரை ஆலையும் பண்ணையுமுள்ள உறவினரிடத்தில், கணவருடன் வாழ்ந்துகொண்டிருந்தார். முகலாய, பகாரிச் சிற்றோவியங்கள் அவரை ஈர்த்திருந்த காலம். அங்கு பிறந்த 'மஞ்சள் அரைப்போர்' படத்திற் பெண்கள் மரங்களின் கீழிருந்து வேலை செய்கின்றனர். உருவங்கள் சிறுத்துவிட்டன, நிறங்கள் கொழுந்துவிடுகின்றன, பழைய சோகம் காணோம். தங்கப் பதக்கம் பெற்ற படத்தைவிட இதனையே நாம் உயர்வாக மதிக்கிறோம். பண்ணை வீட்டிலிருந்து பார்த்தவர்தாம் இவரும். எனினும் இம்முறை கண் பதிந்தது முகத்தின் வாட்டத்தில் அன்று, கையின் தொழிலில்.

அவரது ஓவியங்களிற் பெரும்பகுதி புதுதில்லியில் தேசிய நவீன கலைக்கூடத்தில் உள்ளது. மக்கள் சென்று பார்க்கலாம். தனியார் கையிலிருந்த 'கதைசொல்லி' என்ற 1937ஆம் ஆண்டுப் படமோ 2023இல் ஏலத்தில் 61.8 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. அதில் அமர்ந்திருக்கும் கிராமத்தவருக்கு இத்தொகையை எழுத்துக்கூட்டி வாசிக்கவாவது முடிந்திருக்குமா என்று எண்ணாதிருக்க எம்மால் முடியவில்லை.

1941 டிசெம்பர் 5ஆம் திகதி, லாகூரில், கண்காட்சியொன்றுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த வேளையில், 28ஆவது வயதில் அம்ரிதா மறைந்தார். முற்றுப்பெறாது நின்ற கடைசிப் படத்தில், வீட்டின் மேல்மாடியிலிருந்து தெரிந்த அயல்வீடுகளும் சில எருமைகளும் உள்ளன.