கதவிலிருந்து வெளிவரும் கண்ணாடி

பழைய அம்பாசடர் காரின் கதவிலிருந்து ஜன்னல் கண்ணாடியை உடையாமல் எடுக்கும் வேலையைப் பார்க்க வாய்ப்புக் கிடைக்குமானால், கைவசமுள்ள காரியத்தைச் சற்று ஒத்திவைத்தாவது நின்று பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2014-ஆம் ஆண்டோடு அந்த வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டபடியால், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடித்தான் அதற்கு மாற்றுக் கண்ணாடி வாங்க வேண்டும்; ஆகையால் மெக்கானிக்கின் விரல்களில் இயல்பாகவே ஒரு பக்தி வந்துவிடுகிறது.

இந்த வேலையை ரசிக்க, கண்ணாடியின் சுபாவத்தை முதலில் அறிய வேண்டும். கார் ஜன்னலுக்கான கண்ணாடியைத் தயாரிக்கையில், 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் காய்ச்சி அதன்மீது குளிர்காற்றைப் பீய்ச்சும்போது, மேற்பரப்பு முந்தி இறுகிவிட, பிந்திக் குளிர்ந்து சுருங்க முயலும் உட்புறம் அதை ஓயாமல் தன்பால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதனால்தான் நடுவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்குகிற அதே கண்ணாடி, விளிம்பில் ஸ்க்ரூடிரைவரின் நுனி சற்று ஆழமாகப் பதிந்துவிட்டால், முழுவதுமாகக் கற்கண்டுபோல் சிதறிவிடுகிறது. அபாயமெல்லாம் விளிம்பில்தான், ரசிகரின் கண்ணும் அங்கேயே இருக்கட்டும்.

கைப்பிடியையும் டோர் பேடையும் கழற்றுவதில் பார்க்க அதிகமில்லை. அதன்பின் தெரியும் யந்திரம்தான் அழகு: பல் வெட்டிய ஒரு தகடு, அதனோடு இணைந்த நீண்ட கை, கையின் நுனியில் ஓர் உருளை, கண்ணாடியின் அடிவிளிம்பைக் கவ்விய சேனலுக்குள் அவ்வுருளை ஓட, கண்ணாடி ஏறி இறங்குகிறது. துருவேறிப் பருத்த சேனல் கண்ணாடியை இறுகப் பற்றியிருக்குமென்பதை உணர்ந்தவர், முதல்நாளே அங்கு எண்ணெய்விட்டு ஊறவைத்திருப்பார். சுத்தியலை எடுப்பவரிடம் நிற்க வேண்டாம். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

உருளை சேனலைவிட்டு விலகுகிற க்ஷணமே இவ்வேலையின் உச்சம். அதுவரை யந்திரம் சுமந்த பாரம் முழுவதையும் இடது உள்ளங்கை சப்தமின்றி ஏற்றுக்கொள்ள, வலக்கை ஒரு முனையைத் தாழ்த்தி மறுமுனையை உயர்த்தி, கதவின் குறுகிய வாயில் வழியே கண்ணாடியைச் சாய்வாக வெளியே கொணர்கிறது. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: பீடிங்கின் துணியில் உரசும் மெல்லிய ஓசை சரி, ‘டிக்’கென்ற சிறு ஒலி கேட்டாலோ, தேர்ந்த கை அங்கேயே நின்றுவிடும், பலவந்தம் செய்யாது, வந்த வழியே சிறிது பின்வாங்கிச் சாய்வை மாற்றும்.

எடுத்த கண்ணாடியின் மூலை சிமெண்டுத் தரையில் படலாகாது. மடித்த கம்பளிமேல் வைப்பதே முறை. வைப்பதற்கு முன் ஒரு கோரிக்கை விடுத்துப் பாருங்கள். சாயங்காலத்தில், சூரியனுக்குப் பக்கவாட்டில் உள்ள நீலவானத்தை நோக்கி அதைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாக நோக்கினால், தயாரிப்பின்போது குளிர்காற்று பட்ட இடங்கள் வரிசை வரிசையான நிழற்புள்ளிகளாகத் தெரியவரும். மங்கலாக இருந்தால் கண்ணாடியைச் சற்றே சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.