நண்டும் புற்றும்

அறிவியல் நூலில் உருவகத்திற்கு இடமில்லை என்பார் உளர். கலைச்சொற்களைச் சற்றே உரசிப் பார்ப்பின் உண்மை வேறாகத் தோன்றும். 1665-இல் ராபர்ட் ஊக், தக்கைச் சீவலை நுண்பெருக்கியால் நோக்கி, ஆங்குக் கண்ட நுண்கூடுகளைச் 'செல்' என்றார். சிற்றறை என்பதே அதன் பொருள். ஆகவே, அறிவியலைப் பெயர்ப்போர் சொல்லினுள் உறையும் படத்திற்கும் பொறுப்பாகின்றனர்.

இப்பொறுப்பைத் தமிழில் ஏற்றோருள் தலையாயவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847-இல் இலங்கை வந்த அவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலின் கிரேக்கப் பெயருக்கு அறுத்துப் பிரித்தல் என்பது பொருள். கிறீனின் நூற்பெயரோ 'மனுஷ அங்காதிபாதம்'. கத்தியின் நினைவு அகன்று, உறுப்புறுப்பாக வருணிக்கும் பாதாதிகேச மரபின் சாயல் அதில் ஏறியது. அவரது 'கெமிஸ்தம்' ஒலியை மட்டும் பெயர்த்தது. அச்சொல் இன்று வழக்கில் இல்லை.

சில படங்கள் இரு மொழியிலும் தாமே ஒத்தமைகின்றன. கருமணியை இலத்தீன் சிறு பொம்மை என்றது. தமிழ் பாவை என்றது. எதிர்நிற்பார் உருவம் ஆங்குச் சிறிதாய்த் தோன்றுவதே காரணம். விழியின் உட்படலத்திலோ படம் மாறுகிறது. இலத்தீனின் வலை தோற்றத்தைச் சொல்லும். தமிழின் விழித்திரை, பிம்பம் விழும் தொழிலைச் சொல்லும். இங்கு மூலத்தைப் பெயர்ப்பு விஞ்சிற்று எனலாம்.

புற்றுநோயின் நிலை வேறு. கிரேக்கர் கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்களில் நண்டின் கால்களைக் கண்டனர். தமிழர் கண்டது புற்று. மேலே சிறு மேடு, உள்ளே பரந்த வளை. நோய் மறைந்து பரவுவதை இதனினும் தெளிவாக உணர்த்தல் அரிது. ஆயினும், இடித்தாலும் மீண்டும் எழுவது புற்று என்னும் எண்ணமும் உடன் வருகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம் என்ற செய்தியை அச்சொல் தாங்காது. அதனை மருத்துவ நூல் எழுதுவோர் தனியே சொல்லியாக வேண்டும். சொல்லாவிடின் படமே நோயாளியை மருத்துவமனையினின்று விலக்கிவிடும்.

பள்ளிக்கும் இது பொருந்தும். திரிங்காப் போன்ற மலைச் சிற்றூர்ப் பிள்ளை, ஆறாண்டுத் தமிழ்க்கல்விக்குப்பின் இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியே 'திசு' என்று கேட்கும். தமிழகமும் அவ்வொலியையே ஏற்றது. இலங்கைத் தமிழோ 'இழையம்' என்று, நெய்யப்பட்டது என்னும் பிரெஞ்சு மூலப்பொருளைக் காத்தது. ஒலிச்சொல் மேற்படிப்பிற்கு வழித்துணை. படச்சொல் பொருளுக்கு விளக்கு. இரண்டையும் ஒருங்கே கொடுத்து, படம் எதுவரை உண்மை என்பதையும் காட்டும் நூலே நல்ல பெயர்ப்பு நூலாகும்.