மாடறுப்புத் தடையும் தோட்டத்து அடுப்பும்

மாட்டிறைச்சி பற்றி நமது நாட்டில் எழுதப்பட்டவற்றை ஒருசேர வைத்து வாசிக்கும் வேலையொன்று அண்மையில் எனக்கு வாய்த்தது. 2013 மே 24, வெசாக் தினத்தன்று, போவத்தே இந்திரரத்ன தேரர் மாடறுப்பை எதிர்த்துக் கண்டி தலதா மாளிகைக்கு அருகே தீக்குளித்தார். மறுநாள் உயிர் நீத்தார். அந்த நாட்களிலிருந்து, 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை இணங்கிய பிறகு வந்தவை வரை, நறுக்கி வைத்திருந்த அத்தனையையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஜீவகாருண்யம். மறுபக்கம் மார்க்க உரிமை. இரண்டாவது பக்கத்தில் எழுதியவர்களுள் நானும் ஒருவன். ஆகவே இந்த விமர்சனம் எனக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அந்த அமைச்சரவை முடிவையே ஒரு பிரதியாக எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று விடயங்கள் இருந்தன. மாடறுப்பைத் தடுக்கும்படி சட்டங்களைத் திருத்துவது. இறைச்சி உண்போருக்காக வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பது. விவசாயத்துக்குப் பயன்படாத வயதான மாடுகளுக்கு ஏற்ற திட்டமொன்றை நடைமுறைப்படுத்துவது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் கொலை தவறு என்று இந்தப் பிரதி சொல்லவில்லை என்பது விளங்கும். அது நம் கண்ணில் படக்கூடாது என்றுதான் சொல்கிறது. இங்கே அறுக்கக் கூடாது; இன்னொரு நாட்டில் அறுத்து, உறைய வைத்துக் கப்பலில் ஏற்றி வந்தால் சாப்பிடலாம். மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் இதில் கருணை எங்கே இருக்கிறது?

இந்தக் குறையை அப்போதே நம்மவர்கள் சுட்டிக்காட்டினார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றாவது விடயத்தை, அந்த வயதான மாட்டை, நாம் யாரும் நின்று நிதானமாகப் பார்க்கவில்லை. அதை எனக்குக் காட்டியவர் ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா.

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் வீட்டுக்குப் போயிருந்தேன். லயத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டி. உள்ளே ஒரு இளம் பசு. பேச்சு எப்படியோ மாடறுப்புத் தடைக்குப் போனது. நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த அந்த அம்மா தடையை ஆதரிப்பார் என்றே நினைத்தேன்.

"மாட்டிறைச்சி எங்க வாசப்படி ஏறாது சேர். ஆனா பழைய மாட்ட ஒங்க ஆளுககிட்டதான் வித்தேன். கண்ணத் தொடச்சிக்கிட்டுத்தான் கயித்தக் குடுத்தேன். அந்தக் காசுலதான் இந்த மாடு வந்துச்சு. அறுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டா, கெழட்டு மாட்டுக்கு யாரு சேர் புல்லு போடுவா?"

நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, திரும்பும் வழியில் தலையில் புல்லுக்கட்டோடு வருகிற ஒரு பெண்ணுக்குப் பால் மாடு என்பது சம்பளத்துக்கு மேலாகக் கிடைக்கும் காசு. பால் வற்றிய மாட்டை விற்றால்தான் அடுத்த மாடு. அறுப்பவர் முஸ்லிம், வளர்ப்பவர் இந்து. சாப்பிடுபவர்களில் எல்லாச் சமூகத்தவரும் உண்டு. இந்தச் சங்கிலியை ஒரு சமூகத்தின் பழக்கமாகச் சுருக்கியது தடையைக் கேட்டவர்களின் பிழை. அவர்கள் போட்ட அதே சட்டகத்துக்குள் நின்று "எங்கள் உரிமை" என்று மட்டும் பதில் எழுதியது நமது பிழை.

இனி ஆரோக்கியம் பற்றிய வாதம். மரக்கறி உணவை வலியுறுத்துவோர் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தை மேற்கோள் காட்டுவதுண்டு. அது உண்மைதான். 2015இல் அந்த முகவரகம் சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையிலும், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியை அதற்குச் சாத்தியம் அதிகமுள்ள பொருட்களின் வரிசையிலும் சேர்த்தது. பதப்படுத்திய இறைச்சியை நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்றும் சொன்னது. கல்யாண வீட்டு சஹனில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறைச்சி போடும் நம்மூர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி இது. இறைச்சி இல்லாவிட்டால் உடம்பில் பலமே இராது என்று நாம் எழுதியதெல்லாம் மிகை. பருப்பு, பயறு, கீரை, பால் எல்லாம் போதியளவு கிடைக்கிறவர் இறைச்சியே தொடாமல் நன்றாக வாழலாம்.

'போதியளவு கிடைக்கிறவர்' என்ற இடத்தில்தான் தோட்டம் குறுக்கே வருகிறது. அந்த வீட்டில் அன்று கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். பால் முழுக்கச் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விட்டது, வீட்டுக்கு வெறுந்தேத்தண்ணி. மகள் ஆறு மாதக் கர்ப்பிணி, இரத்தச்சோகை. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அவள் தேத்தண்ணியோடுதான் விழுங்கினாள். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வது ஏற்கெனவே குறைவு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் அதையும் பெருமளவு தடுக்கின்றன. இறைச்சி, மீனிலுள்ள இரும்பை அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கிற கைக்கு அந்தத் தேயிலையே சத்தைத் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடி, பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய் பிழிந்துகொள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தரப்புக் கட்டுரைகளையும் விட அவளுக்கு அது பயன்பட்டிருக்கும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். தோட்டத்து மக்கள் கொள்கைக்காகச் சைவமானவர்கள் அல்ல. வெள்ளிக்கிழமை மரக்கறி சமைப்பார்கள். ரோதைமுனிக்கு நேர்ந்த கிடாயையும் வெட்டுவார்கள். இரண்டும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் நடக்கின்றன. மற்ற நாட்களில் மச்சம் இல்லாததற்குக் காரணம் விலை. அதைப் பார்த்து எளிய உணவு, ஆரோக்கிய உணவு என்று புகழ்வது பட்டினிக்குப் பட்டம் கொடுப்பதாகும்.

ஜீவகாருண்யத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. புலால் மறுத்தலுக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார். அந்த நெறியை வாழ்ந்து காட்டுகிறவர்கள் முன் எனக்கு மரியாதை உண்டு. நான் கேட்பதெல்லாம், அந்தக் கருணை மாட்டோடு நின்றுவிடாமல், அட்டை கடித்த காலோடு மலையேறுகிறவளிடமும் வரட்டும் என்பதே.

நம் பக்கத்துக்கு வருவோம். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நபிமொழியொன்று எல்லா விடயத்திலும் இஹ்ஸானை விதித்து, அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளவும் பிராணிக்கு இலகுவாக்கவும் கட்டளையிடுகிறது. இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, தக்வாவே அடைகிறது என்கிறது சூரத்துல் ஹஜ். இறைச்சிமீதுள்ள ஆசை அடிமைப்படுத்தும் என்று உமர் (ரழி) எச்சரித்ததை இமாம் மாலிக் முவத்தாவில் பதிந்திருக்கிறார். இவ்வளவும் கையில் இருக்க, லொறியில் நெருக்கி ஏற்றி, தண்ணீர் காட்டாமல் கொண்டுவந்து, ஒன்றின் கண்முன்னே இன்னொன்றை அறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எழுதவில்லை. எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிடுவோமோ என்ற பயம். குர்ஆன் ஹலாலோடு தையிபையும் சேர்த்துச் சொல்கிறது. நாம் முதற் சொல்லைப் பலகையில் எழுதி, இரண்டாவதை மறந்தோம்.

அறுப்பைத் தடுப்பதா, காப்பதா என்ற கேள்வி மட்டும் இருக்கும்வரை இந்த விவாதம் நகராது. அறுப்புத் தொட்டி சுத்தமாகவும் பிராணிக்கு வதையில்லாமலும் இருக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம். தோட்டத்துப் பிள்ளைக்கு முட்டை, பருப்பு, ஒரு கோப்பை பால் கிடைக்கும்படியான சம்பளத்தைக் கேட்பதில், சைவம் பேசுகிறவர்களும் நாமும் ஒரே வரிசையில் நிற்கலாம். அதற்கு மார்க்கத் தடையும் இல்லை, சமயத் தடையும் இல்லை.

அந்த அம்மா கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. தடையை ஆதரித்து எழுதியவர்களிடமும் இருக்கவில்லை. அடுத்த முறை மாடறுப்பைப் பற்றி யார் எழுதினாலும், அந்தக் கிழட்டு மாட்டின் புல்லிலிருந்து தொடங்கட்டும்.